பாலத்தில் வணக்கம் சொல்லாத பேராயர்

பாலசாலா, மேன் தீவு
புதன்கிழமை காலை

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் இல்லியம் அவர்களுக்குத் தங்கை பிரீஷா எழுதுவது.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை எங்கள் காரில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் நான், என் பக்கத்தில் பேராயர் ஐயா, பின்னால் என் வீட்டுக்காரர் ஜுவான், அவர் பக்கத்தில் மாதர் சங்கத் தலைவி ஸ்கில்லிகோர்ன் அக்கா. பேராயரின் மடியில் நாங்கள் கொடுத்த, புகைபோட்ட கிப்பர் மீன் பொட்டலம். வேறு யாரும் இல்லை. வேறு யாராவது இருந்ததாக லிவர்பூல் வரைக்கும் பேச்சு வந்தால் நம்பாதீர்கள். நாங்கள் சுகம். அண்ணியின் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், எந்த முழங்கால் என்று எழுதினால் குறிப்பாக ஜெபிக்க வசதியாக இருக்கும்.

நம் மேலவையில் பேராயருக்கு இருக்கும் ஓட்டுரிமையை எடுத்துவிட ஒரு மசோதா வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். நேற்று பத்தரை மணிக்கு டக்ளஸில் ஓட்டெடுப்பு. பேராயரை விட்டால் அங்கே ஓட்டுள்ளவர்கள் எட்டுப் பேர், அதில் நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். சரிபாதி வந்தால் தலைவர் மசோதா பக்கம் சாய்ந்துவிடுவார் என்று ஜுவான் ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகையால் பேராயர் போய்ச் சேர்ந்து தன் ஓட்டைப் போட்டால்தான் அந்த ஓட்டே பிழைக்கும். அவருடைய கார் பட்டறையில் கிடந்தது. எங்கள் ஆலயத்தில் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு அவர் கிளம்பவேண்டும். "நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று மாதர் சங்கத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தவள் நான். இருபத்திரண்டு பெண்கள் கை தட்டினார்கள். ஜுவான் மெதடிஸ்ட் சபை ஆள், அவருக்கு அந்த ஓட்டே ஆகாது, ஆனாலும் டக்ளஸில் பல் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று ஏறிக்கொண்டார்.

ஏறியதிலிருந்து அவருக்கு வாய் ஓயவில்லை. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு நான் ஓட்டுப் போட்டேனா? இல்ல. இவ போட்டாளா? இல்ல. அப்புறம் யாரு உங்கள அங்க உக்கார வெச்சது?" "சும்மா இருங்க. ஓட்டுக் கேட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்காத ஆள் ஒருத்தராவது அந்த சபையில வேணும்" என்றேன் நான். ரேடியோவில் சபை நடப்பதைக் கேட்டு, பேராயர்கள் போட்ட ஓட்டுகளை எல்லாம் பதினோரு வருஷமாக நோட்டில் எழுதிவருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மொத்தம் நாற்பத்தொன்று. இருபத்தொன்பதில் நான் நினைத்தபடியே போட்டிருக்கிறார்கள். மீதிப் பன்னிரண்டு நாளும் காலை ஜெபத்தை அவசரமாக முடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பேராயர் கிப்பரைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் பாலம் வந்தது. அண்ணா, நம் அம்மா மடியில் உட்கார்ந்து போன நாளிலிருந்து அந்தப் பாலத்தடியில் குடியிருக்கும் குட்டித் தேவதைகளுக்கு, நம் சின்னவங்களுக்கு, வணக்கம் சொல்லாமல் நான் போனதில்லை. நேற்று சொல்லவில்லை. பக்கத்தில் அங்கி போட்ட பேராயர், அதுவும் இங்கிலாந்துக்காரர், அவர் காதுபட எப்படிச் சொல்வது? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பின்னால் ஜுவான் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் நான் சொல்லுவேன் என்று நினைத்திருக்கிறார். ஸ்கில்லிகோர்ன் அக்கா மனசுக்குள் சொன்னாராம். மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கும்? பாலத்தைத் தாண்டி நாற்பது அடி போயிருப்போம், கார் ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது.

ஒரு வேன்காரர் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "சொன்னீங்களா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நாலு பேர்ல ஒருத்தர் கூடவா சொல்லல? சரியாப் போச்சு." பேராயரை மட்டுமாவது ஏற்றிக்கொள்ளுங்கள், அவருக்கு மேலவையில் ஓட்டுப் போடவேண்டும் என்று கெஞ்சினேன். "அம்மா, சொல்லாத ஆள ஏத்துனா என் வண்டியும் நிக்கும். அவருக்கு ஓட்டு, எனக்குப் பொழப்பு" என்று போயே போய்விட்டார். அதற்கப்புறம் வந்த வண்டிகள் எல்லாம் பாலத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு எங்களுக்கும் சேர்த்துத் தூக்கிவிட்டுப் போயின. மணி பத்தே முக்கால். இருபத்திரண்டு பெண்களின் முகங்களும் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. பிரீஷா வணக்கம் சொல்லாததால்தான் திருச்சபையின் ஓட்டுப் போயிற்று என்று என் கல்லறையில் எழுதுவார்களோ என்று அழுதேவிட்டேன்.

"அழாதடி, வா, போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்" என்று ஜுவான் குடையை விரித்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்குக் குடை பிடித்தது இது இரண்டாம் தடவை. நடந்தே பாலத்துக்குப் போனால், எங்களுக்கு முன்னால் அங்கே பேராயர் நிற்கிறார்! தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எங்களைக் கண்டதும், "தலைக்குக் கொஞ்சம் காத்து வேணும்னு வந்தேன்" என்றார். கொட்டும் மழையில் காற்று வாங்குகிறாராம். "நல்ல காத்துதான் ஐயா, நாங்களும் அதுக்குத்தான் வந்தோம்" என்றார் ஜுவான். நாங்களும் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருகினேன், முதல் திருகலிலேயே கார் கிளம்பியது. "ஒயர் காய்ஞ்சிருக்கும்" என்றார் பேராயர். மழையில் ஒயர் காய்ந்ததை நான் நேற்றுதான் பார்த்தேன்.

டக்ளஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். வாசற்காவலர் எங்களைப் பார்த்ததுமே கையை விரித்தார். "முடிஞ்சு போச்சு ஐயா. நாலுக்கு நாலு." "தலைவர் மசோதாவுக்குப் போட்டுட்டாரா?" என்றேன். "அதெப்படி? சரிபாதி வந்தா இருக்கிறத அப்படியே விடணும், அதான் விதி. மசோதா விழுந்துருச்சு." அண்ணா, அந்த வாசற்படியிலேயே முழங்கால் போட்டேன். "ஐயா, உங்க ஓட்டு தப்பிச்சுது!" என்று பேராயரின் கையைப் பிடித்தேன். அவர் ஈரப் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அத விட்டுக்கொடுக்கத்தானே நான் வந்தேன். போன வருஷம் நான் போட்ட ஒரு ஓட்டுக்கு அப்புறம் ஒரு அம்மா என் கையால நற்கருணை வாங்க மாட்டேன்னு எழுந்து போயிட்டாங்க. ஜெபம் பண்ணா எல்லார் வீட்டுக்கும் போகலாம். ஓட்டுப் போட்டா பாதி வீட்டுக்குத்தான் போக முடியுது."

அதாவது அண்ணா, நான் மட்டும் வாக்குத் தவறாமல் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தால், அந்த ஓட்டைக் கொன்றவளே நான்தான்! வாயை மூடிக்கொண்டதால் பிழைத்தது. ஜுவானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவர் பக்கம் ஓட்டுப் போட வந்த ஆளிடம்தான் வழி முழுக்க வாதாடியிருக்கிறார். பல் டாக்டரிடம் வாயைத் திறக்கவே இல்லையாம்.

ஓட்டுப் பிழைத்ததற்காக மாதர் சங்கம் எனக்குப் பெரிய பொன்னக் ரொட்டி ஒன்று சுட்டுக் கொடுத்தது. நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். நான் செய்ததில் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை, எல்லாம் முடிந்தது. இனி அந்த ஓட்டைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ இந்த வீட்டில் பேச்சு இல்லை. கர்த்தருடைய சமாதானம் உங்கள் இருவரோடும், அண்ணியின் இரண்டு முழங்கால்களோடும் இருப்பதாக.

உங்கள் தங்கை,
பிரீஷா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பேராயர் போன் செய்தார். நேற்று எண்ணியதில் ஏதோ முறைதவறிவிட்டதாம், ஓட்டெடுப்பு செல்லாதாம். வருகிற செவ்வாய் பத்தரைக்கு மறுபடி. அவர் கார் இன்னும் பட்டறையில்தான், அன்றும் எங்கள் ஆலயத்தில் காலை ஆராதனை, "நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்கிறார், நானும் சரி என்றுவிட்டேன். அதைக் கேட்டதிலிருந்து ஜுவான் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பாலத்தில் நானே சத்தமாகச் சொல்லுகிறேன் என்கிறார், ஆனால் ஒரு தடவை சொல்லாமல் விட்டு ஓட்டினவர் அடுத்த தடவை தன் வாயாலேயே சொன்னால்தான் சின்னவங்க கணக்கில் சேரும் என்பது அவருக்கும் தெரியும். சொன்னால் கார் நேரத்துக்குப் போய்ச் சேரும், பேராயரின் ஓட்டுப் போய்விடும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டால் அது பேராயருக்குச் செய்த துரோகம் ஆகாதா? நீங்கள் இருபது வருஷம் ஆலயத்தில் வேதம் வாசித்தவர். சொல்லட்டுமா, வேண்டாமா என்று ஒரே வரியில் திங்கட்கிழமைக்குள் கிடைக்கும்படி பதில் எழுதுங்கள்.