காராம்பசு அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை லைவ்

மதுரையில் குடியிருந்துகொண்டே, கோயிலுக்கும் மகாலுக்கும் நடுவில் சுரங்கப்பாதை இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். எனக்குத் தெரிந்து அந்தத் துணிச்சல் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் காராம்பசு அண்ணன்.

வீட்டில் வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த எங்கள் வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. அவருடைய எவர்சில்வர் டம்ளரை ஆளாளுக்கு எடுத்துப் போவதைப் பொறுக்காமல், ஒருநாள் அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டி வைத்தார். 'இந்த டம்ளரை அபகரித்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக் கடவான்.' பழைய தானக் கல்வெட்டுகள் இப்படித்தான் முடியும் என்று விளக்கம் வேறு. டம்ளர் தப்பியது, அவர் பெயர் தப்பவில்லை.

அவர் வயது எனக்குத் தெரியாது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். மதுரையில் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை.

அலுவலகத்தில் அவர் கிளைம் பார்ப்பவர். "வண்டி சும்மா நின்னுச்சு, தானா விழுந்துருச்சு" என்று வருபவர்களிடம் நாள் முழுக்க ஆதாரம் கேட்டுக் கேட்டு, அது வீட்டுக்கும் தொற்றிவிட்டது. ஆனையூரில் மொட்டை மாடியில், அவருடைய அம்மா காயப்போட்ட வடகத்துக்கு நடுவே செல்போனை நிறுத்தி, ஞாயிறு காலையில் தன் யூடியூப் சேனலில் லைவாகச் சரித்திரம் பேசுவார். மற்ற சேனல்காரர்கள் 'அதிர வைக்கும் ரகசியம்' என்று தலைப்புப் போட்டால், இவர் 'நாயக்கர் காலத்து நில அளவுகோல்: சில ஐயங்கள்' என்று போடுவார். வீடியோவின் பாதியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அது அடித்து முடிக்கும் வரை கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

சுரங்க வீடியோ வந்த வாரம் அவர் ஏறிய ஆட்டோவின் டிரைவர் கண்ணாடி வழியாக அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தச் சுரங்கம் இல்லைன்னு சொன்ன ஆளு நீங்கதானா? எங்க தாத்தா அதுக்குள்ள குதிரையில போயிருக்காரு."

"எந்தப் பக்கமா இறங்குனாராம்?"

"அத அவரு யார்ட்டயும் சொல்லல."

"அப்ப அவரு போனது உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?"

டிரைவர் பாதி வழியிலேயே வண்டியை ஓரங்கட்டினார். அண்ணன் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். கோபமே இல்லை. "பாவம், தாத்தா மேல ரொம்பப் பாசம்ணே அவருக்கு" என்றார்.

சொந்தக்காரர்களுக்கும் சலுகை கிடையாது. சௌராஷ்டிரக் குடும்பம். முன்னோரை ராஜாவே ஆள் அனுப்பி, பட்டு நெய்ய அழைத்து வந்தார் என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அண்ணன் லைவில் உட்கார்ந்து, "எங்க குடும்பத்தத் தனியா எந்த ராஜாவும் கூப்பிட்டதாத் தெரியல. பொழப்புத் தேடித்தான் வந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாப்பாட்டுக் கேரியர் இல்லாமல் அலுவலகம் வந்தார். அவருடைய அம்மா போனில் அவர்கள் பாஷையில் பொரிந்து தள்ளியது என் மேசை வரை கேட்டது.

"என்னண்ணே சொல்றாங்க?"

"ஆதாரத்தையே வடிச்சுக் கொட்டிச் சாப்பிடச் சொல்றாங்க."

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் ஒரு போன் வந்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து கருப்பையா என்ற விவசாயி. அவருடைய அப்பா காலமெல்லாம் கூலிக்கு உழுத ஒரு துண்டு நிலத்தை, கருப்பையாவும் மனைவி பாண்டியம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்து வாங்கியிருந்தார்கள். வரப்போரம் எழுத்து வெட்டிய ஒரு கல் நின்றது. வாங்கிய வருடமே கிணற்று மோட்டார் எரிந்துபோனது, கன்று ஈன்ற பசு செத்துப்போனது. அது சாபக்கல், அந்த மண்ணை உழுதால் குடும்பம் விளங்காது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் மனமிரங்கி, "அந்தப் பாவம் உனக்கு எதுக்குப்பா, எங்கிட்டயே குடுத்துரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கு மட்டும் சாபம் பிடிக்காதாமா?" என்றார் அண்ணன். அந்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். செல்போனைப் பிடிக்க நான்.

நாங்கள் போனபோது கல்லைச் சுற்றி ஊரே நின்றது. எழுத்து தெரியக் கல்லில் பூச யாரோ மைதா மாவு கொண்டுவந்தார்கள். "மாவு பூசுனா கல்லு கெட்டுப்போகும். கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார் அண்ணன். பாண்டியம்மா ஓரமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்தார். அதைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் அடித்ததும், வெறும் பாறையாக இருந்ததில் எழுத்து எழுந்து நின்றது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு குனிந்தது.

அண்ணன் மண்டியிட்டு விரலால் தடவித் தடவிப் படித்தார். அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்க யாரோ விட்ட நிலம். கடைசியில் சாபமும் இருந்தது, அதே காராம்பசு.

"நான் சொல்லல?" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"சாபம் இருக்குண்ணே. தர்மத்தக் கெடுத்தவனுக்குத்தான். உழுதவனுக்கு இல்ல."

"அப்ப நடுவுல ரெண்டு வரிய விட்டுட்டீங்களே, அதுல என்ன இருக்கு?"

அந்த இரண்டு வரி தேய்ந்துபோயிருந்தது. அண்ணன் திரும்பத் திரும்பப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து, "தெரியல" என்றார்.

பாண்டியம்மா அவரைத் தனியே அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், நல்லதா ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போங்க. இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நான் இன்னைக்குத் தெரியாம நல்லதாச் சொன்னா, நாளைக்கு ஒருத்தன் தெரியாம கெட்டதாச் சொல்லுவான்மா. அப்ப அவனையும் நம்பணும்ல."

"நல்லது கேட்டு வந்தா நியாயம் பேசுறீக" என்று சொல்லிவிட்டு, பாண்டியம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கே அண்ணன் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு பொய்தானே. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் அடுத்த ஞாயிறு தனியாகப் போனார், அதற்கடுத்த ஞாயிறும் போனார். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார். முதல் படி காற்றில் கிழிந்தது. அடுத்ததை ஆடு தின்றது. பாண்டியம்மா வெளியே வந்து பேசவே இல்லை. ஆனால் தண்ணீர்ச் செம்பு மட்டும் வரப்பில் வந்து உட்காரும் என்று அண்ணன் சொன்னார். கடைசியில் உருப்படியாக வந்த ஒரு படியைச் சேனலில் போட்டு, "எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். ஊரையே திருத்திக்கொண்டிருந்த மனிதர் ஊரிடம் கையேந்தினார். கீழே கேலிதான் நிறைய வந்தது. 'சுரங்கத்துக்கு வழி போட்டிருக்கும் பாரு' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஒரு மத்தியானம், முகப்பு உடைந்த ஸ்கூட்டருக்குக் கிளைம் கேட்டு வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அண்ணனின் போன் சிணுங்கியது. காரைக்குடியிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருந்தார். 'முதல் எழுத்து மகரம் இல்லை, தகரம் என்று வைத்துப் பாருங்கள். தென்பாற்கெல்லை என்று வருகிறதா?'

அண்ணன் காகிதப் படியை மேசையில் விரித்தார். ஸ்கூட்டர்க்காரரும் குனிந்து பார்த்தார். அந்த ஒரு சொல் பிடிபட்டதும் மற்றவை வரிசையாக வந்தன. அண்ணன் கருப்பையாவுக்குப் போன் போட்டார். "அண்ணே, எல்லைண்ணே. வெறும் எல்லை. தெக்க ஓடை, மேக்க புளியமரம். வேற ஒண்ணுமே இல்லண்ணே." சொல்லும்போதே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஸ்கூட்டர்க்காரரும் எழுந்து நின்று கும்பிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

அடுத்த லைவ் அந்த வயலிலிருந்துதான். பாண்டியம்மா தானாகவே வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"இவரு அன்னைக்கே எனக்கு ஒரு பொய்யச் சொல்லிருந்தா, நான் நிம்மதியாப் போயிருப்பேன். ஆனா விதைக்கிறப்ப கை நடுங்கியிருக்கும். இப்ப நடுங்கல."

அந்தப் போகம் கடலை போட்டார்கள். மூட்டையாக அலுவலகத்துக்கு வந்தது. டீக்கடையில் அவித்து வாங்கி, நாள் முழுக்கக் கொறித்தோம். பக்கத்துத் தோட்டக்காரர் இப்போது அண்ணனின் சேனலைத் தொடர்ந்து பார்க்கிறாராம், தன் தோட்டத்திலும் ஒரு கல் கிடக்கிறதாம்.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஞாயிறு காலையில் இங்கே ஆயிரம் வேலை. அண்ணன் லைவில் நிலவரி பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பல சமயம் என்னையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் மூன்றே பேர். நான் குளிக்கப் போவேன், காய் வாங்கப் போவேன், பாதி காதிலேயே விழாது. ஆனால் போனை மட்டும் அணைக்க மாட்டேன். அந்த எண்ணில் ஒன்று குறைவதை அண்ணன் பார்த்துவிடக் கூடாது.