பாலத்துக்கு ஒரு கேமரா

சேர்வராயன் மலையில் ஓடைகள் அதிகம். ஓடைகள் இருந்ததால் சிறுபாலங்கள் இருந்தன. சிறுபாலங்கள் இருந்ததால் அவற்றைப் பராமரிக்க ஏற்காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் இருந்ததால், பாலம் இடிந்தால் அதைப் பற்றிக் கடிதம் எழுத ஓர் ஆள் இருந்தார். அவர்தான் இளநிலை உதவியாளர் கருப்பண்ணன்.

ஒரு ஐப்பசி மழையில் கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே இருந்த பாலம் விழுந்துவிட்டது. மறுகரையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த சின்னத்தாயி சொட்டச் சொட்ட அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, மூட்டையெல்லாம் ஓடையில நனையுதுங்க. ஈரக்கொட்டை வேண்டாம்னு யாவாரி திருப்பி அனுப்பறாரு. சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க."

கருப்பண்ணன் அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் அதிசயமாக உடனே பதில் போட்டது: 'புகைப்பட ஆதாரம் இல்லாத நிலையில், மேற்படி பாலம் உடைந்துள்ளதாகக் கருத இயலாது.'

கடைவீதி ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்துத் தரத் தயாராக இருந்தார். அலுவலக அதிகாரி பெரியசாமி அலறிவிட்டார்.

"அரசாங்கப் பாலம் உடைஞ்சு கெடக்கறத ஒரு தனியார் படம் எடுக்கறதா? மானம் போயிடும்யா!"

"ஓடையத் தாண்டறவங்க எல்லாரும் தனியார்தானுங்க சார். அவங்க பாத்துட்டுத்தான இருக்காங்க?" என்றார் கருப்பண்ணன்.

"பாக்கலாம். ஆதாரம் வெச்சுக்கக் கூடாது."

உண்மைக் காரணம் வேறு. அந்த வருஷம் அதிகாரிகளிடையே கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு ஆய்வுக்குப் போவது மோஸ்தராகியிருந்தது. வெறுங்கழுத்தோடு போன பெரியசாமிக்கு ஜீப் டிரைவர்கூட சல்யூட் அடிப்பதில்லை. ஆகவே 'கேமராவும் அது சார்ந்த உபகரணங்களும்' வாங்கிவர, கருப்பண்ணன் சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

சென்னையில் அவர் நுழைந்த கடையில் கண்ணாடி அலமாரி முழுக்கக் கேமராக்கள். ஒவ்வொன்றும் அவரையே பார்த்தது. கருப்பண்ணன் தன்னையறியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"இன்னா சார் எடுக்கப் போறீங்க? கல்யாணமா, பறவையா?" என்றார் கடைக்காரர்.

"உடைஞ்ச பாலமுங்க."

கடைக்காரர் துக்கம் விசாரிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். "மலையில காத்து அடிக்குமே? கை ஆடும். ஸ்டாண்டு எடுத்துக்குங்க. பனி இருக்குமா?"

"நொம்ப இருக்குமுங்க."

"அப்போ ஃபிளாஷ். தூரத்துலேர்ந்து எடுக்க ஒரு லென்ஸ்."

"பாலத்துக்குக் கிட்டக்கவே போலாமுங்களே?"

"எப்படிப் போவீங்க? பாலம்தான் உடைஞ்சு போச்சே!"

கருப்பண்ணன் தலையாட்டினார். உலக்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வந்து சேர்ந்தது.

"தப்பித் தவறிக் கிட்ட போய்ட்டீங்கன்னா பாலம் உள்ளாற அடங்காது. அதுக்குக் குட்டை லென்ஸ்." அதுவும் வந்தது. இவ்வளவையும் வைக்க ஒரு தோல்பை. தோல்பை நனையாமலிருக்க ஒரு ரெக்சின் பை. கடைசியில் கடைக்காரர் பிலிம் சுருள் ஒன்றை எடுத்து வைத்தார். கருப்பண்ணன் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார்.

"ஐயோ, வேண்டாமுங்க! பிலிமு தீந்து போற சாமானுங்க. உபகரணத்துல வராதுங்க."

"பிலிம் இல்லாம எப்படி சார் படம் விழும்?"

"அதுக்கு வேற உத்தரவு வரோணுமுங்க."

கடைக்காரர் பிலிம் சுருளைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு லென்ஸ் துடைக்கும் துணி ஒன்றை இலவசமாக நீட்டினார். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று கருப்பண்ணன் அதையும் மறுத்துவிட்டார்.

மலைக்கு வந்த கேமரா அன்றே பெரியசாமியின் கழுத்தில் ஏறியது. டிரைவர் சல்யூட் அடித்தார். எஸ்டேட் மேனேஜர்கள், சங்கத் தலைவர்கள், அவர்களுடைய நாய்கள் என்று எல்லோரும் வந்து நின்றார்கள். பெரியசாமி பொத்தானை அழுத்த, ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. எல்லோரும் மனநிறைவோடு போனார்கள்.

"உள்ள பிலிமு இல்லேன்னு சொல்லீரலாமுங்களா சார்?" என்று கருப்பண்ணன் முணுமுணுத்தார்.

"எதுக்கு அவங்க மனசப் புண்படுத்தணும்?"

தை பிறந்த பிறகு பிலிம் வந்தது. அதிகாரியும் கருப்பண்ணனும் ஜீப்பில் போய் இறங்கினால், ஓடையின் மேல் பாலம் நின்றுகொண்டிருந்தது! காத்துக் காத்துச் சலித்த சின்னத்தாயியும் ஊராரும் சில்வர் ஓக் மரங்களைக் குறுக்கே போட்டு, கல்லும் மண்ணும் கொட்டி, தாங்களே கட்டிவிட்டார்கள்.

"யாரக் கேட்டுக் கட்டினீங்க?" என்று பெரியசாமி கொதித்தார். "உடைஞ்ச பாலம் இல்லாம நான் எதைப் படம் எடுக்கறது? படம் இல்லாம புதுப் பாலம் எப்படி வரும்?"

கருப்பண்ணன் தலையைக் குனிந்தபடி சின்னத்தாயியிடம் சொன்னார்: "கெவுருமெண்டுப் பாலம் வேணும்னா இதைப் பிரிச்சாகோணுமுங்க."

ஊர் கூடிப் பேசியது. மரப்பாலம் ஒரு மழைக்குத்தான் தாங்கும். சிமெண்டுப் பாலம் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். பிரித்துவிட்டார்கள்.

படமெடுக்கும் நேரத்தில் பார்த்தால், ஊரே கோயில் திருவிழாவுக்கு உடுத்தும் சேலையும் வேட்டியுமாய் வந்து ஓடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றது.

"கொஞ்சம் ஒதுங்குங்க, பாலம் தெரியோணும்!" என்று கருப்பண்ணன் கெஞ்சினார்.

"பாலத்தத்தான் தெனமும் பாக்கறமே! எங்களைத்தான் இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்ததில்லீங்க," என்றாள் சின்னத்தாயி. ஒருவரும் நகரவில்லை.

அதிகாரிதான் நகர்ந்தார். ஊரையே படம் எடுத்தவருக்குத் தன் படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேமராவைக் கருப்பண்ணன் கையில் திணித்துவிட்டு, ஓடிப்போய் நட்டநடுவில் நின்றார். பிலிம் சுருள் முழுவதும் அப்படியே தீர்ந்தது.

மாசிக் கடைசியில் மேலிடத்துப் பதில் வந்தது: 'படங்களில் உடைந்த பாலம் எதுவும் தென்படவில்லை. அதிகாரியும் பொதுமக்களும் மகிழ்ச்சியாகக் காணப்படுகின்றனர். எனவே குறை தீர்ந்ததாகக் கருதிக் கோப்பு முடிக்கப்படுகிறது.'

இதைச் சொல்லக் கருப்பண்ணன் முழங்கால் நனைய ஓடையைத் தாண்டிப் போனார். சின்னத்தாயி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். முகம் வாடியது. ஊரார் சுற்றி நின்றார்கள். கருப்பண்ணன் திட்டு வாங்கத் தயாரானார்.

"அது கெடக்குதுங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள் சின்னத்தாயி. "படத்துல நாங்க எப்படி உழுந்திருக்கறோம்? ஊட்டுக்கு ஒண்ணு கெடைக்குமுங்களா?"