நான்கு பேராகப் போன வெள்ளிக்கிழமை

வாயை அடக்கத் தெரியாத ஒருத்தியைப் பிடித்து ஒருங்கிணைப்பாளர் வேலையில் போட்டது என் குற்றமில்லை. எனக்கு நயமாகப் பேச வராது என்று நேர்முகத் தேர்விலேயே சொன்னேன். சிரித்துக்கொண்டே ஆர்டரைக் கொடுத்தார்கள். பிறகு நடந்ததற்கு அவர்களும் பொறுப்பு.

வேலை இதுதான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். எடை ஏறுகிறதா, நடக்கிறதா, பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது குறை தெரிந்தால் நர்ஸ், அங்கன்வாடி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் என்று அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கோர்த்துவிட வேண்டும். (நர்ஸுக்குச் செவ்வாய் முடியாது, அங்கன்வாடி டீச்சருக்குப் புதன் முடியாது, அலுவலகத்துக்கு எந்த நாளும் முடியாது.)

ஆறு வருடத்துக்கு முன், ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய சந்தில் ரேவதி என்ற பெண்ணின் வீடு என் பட்டியலில் இருந்தது. கணவர் முருகேசனுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மகள் மித்ராவுக்கு ஒரு வயது எட்டு மாதம். முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டால் தெருப் பூனை எழுந்து ஓடும். மித்ரா திரும்ப மாட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்து, சீக்கிரம் கருவி மாட்டியாக வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் பேச்சில் கைவைக்கும்.

மாமியார் விடவில்லை. "எங்க வீட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாரு. நீங்க போயிட்டு வாங்க" என்று மூன்று முறை வாசலோடு அனுப்பினார். உண்மைக் காரணம் வேறு. முருகேசனின் தங்கை கவிதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் காது கேட்காத குழந்தை இருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமாம். அதனால் விருந்தாளி வரும் நாளெல்லாம் மித்ரா பக்கத்து வீட்டில் இருப்பாள்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு திட்டம் போட்டேன். குழந்தையை வெளியே விட மாட்டார்களா? சரி, எல்லோரும் வீட்டுக்கே போவோம். (அன்றைக்கு இது எனக்கு மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.) நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என மூன்று பேரை ஒரே நாளில் பிடித்தேன். மாவட்ட அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த, நான் இன்னும் நேரில் பார்க்காத அதிகாரி அம்மாவும் வருவதாகப் போனில் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கும். அதிகாரியே எதிரில் உட்கார்ந்தால் மாமியாரும் வாலாட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று ரேவதிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். அந்த நாள் உங்களுக்குச் சௌகரியமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் உள்ள எல்லோரையும் ஒருங்கிணைத்தேன், அந்த வீட்டைத் தவிர. காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. காலையில் பஸ் முழுக்கப் பட்டுப் புடவையாக இருந்தும் அது முகூர்த்த நாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் நான்கு பேரும் போய் இறங்கினால், வாசலில் பெரிய கோலம். கூடத்தில் புது ஜமுக்காளம். உள்ளே நெய் வாசனை. மாமியார் பூ வாங்கப் போயிருந்தார். ரேவதி மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். நடுவில் ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி.

"நம்மள இப்படி யாரும் கவனிச்சதே இல்லைங்க" என்றார் நர்ஸ், இரண்டாவது பஜ்ஜியை எடுத்தபடி.

"ஜனங்க மாறிட்டாங்க" என்றேன் நான், நான்காவதை எடுத்தபடி.

அப்போது ஒரு அம்மா தனியாக உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட புடவை, தோல் பை, யாரையும் நம்பாத பார்வை. அதிகாரிக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

"முருகேசன் வீடு இதுதானே? அவங்க ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு வராங்க."

"இதுதான் மேடம். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று பக்கத்தில் உட்காரவைத்து ஃபைலைத் திறந்தேன். "நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். இந்தக் குழந்தைக்குக் காது கேக்கல. வீட்ல மறைக்கிறாங்க."

"மறைக்கிறாங்களா? எதுக்கு?"

"இவங்க நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகணுமாம். கைலாசபுரத்துல எவனோ ஃபேக்டரில வேலை பாக்குறவன் கிடைச்சிருக்கானாம்."

"எவனோவா?"

"எவனோ ஒருத்தன் மேடம். அவனுக்குப் பொண்ணு குடுக்கிறதுக்காக இந்தப் பிள்ளைக்குப் பேச்சே வராமப் பண்ணப் பாக்குறாங்க. குழந்தைக்குக் காது கேக்கலைன்னா ஓடிப் போற குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பமா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து."

அவர் பேனாவை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார், பஜ்ஜித் தட்டைப் பார்த்தார். அதில் இரண்டே இருந்தன.

"அந்த 'எவனோ ஒருத்த'னோட அம்மா நான்தான்" என்றார்.

நர்ஸ் வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அதே நேரம் முருகேசன் மாப்பிள்ளையையும் அவர் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வர, பின்னாலேயே பூப்பொட்டலத்தோடு மாமியார். அலங்காரம் பாதியில் நிற்க, கவிதா அறைக் கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"நாங்க அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்று அந்த அம்மா எழுந்தார். சொல்லி அனுப்பவே இல்லை. மாமியார் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. (அவற்றில் இரண்டை நான் பின்னாளில் பயன்படுத்தியிருக்கிறேன்.) நிஜ அதிகாரி அன்று வரவில்லை. மீட்டிங்காம்.

அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஒரு வீட்டு ரகசியத்தை யாரென்று கேட்காமல் ஒருவரிடம் கொட்டியது தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்றும் எழுதினேன். இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை. கவிதாவிடம் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. இப்போது நல்ல இடத்தில் இருக்கிறாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபின் மாமியாருக்குத் தடுக்கவும் காரணமில்லை. திங்கட்கிழமை அந்த அதிகாரியின் அறை வாசலில் நின்று கையெழுத்தை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு ரேவதி சொன்னாள்: "ரெண்டும் ஒரே நாளுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. பாப்பாவ பக்கத்து வீட்ல விட்டுட்டு வரச் சொன்னாங்க. நான்தான் விடல. நான் சொன்னா அந்த வீட்ல யாரு கேக்குறாங்க? நீங்க சொன்னா தெருவுக்கே கேக்கும்."

அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மித்ரா இப்போது காதில் கருவியோடு ஸ்கூலுக்குப் போகிறாள். அதிகம் பேசுகிறாள் என்று டீச்சர் புகார் சொல்கிறாராம். சொல்லட்டும்.

போன வருடம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் காலையிலேயே என் ஃபைல்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இன்னைக்கு ஒருநாள், தண்ணி வேணுமான்னு மட்டும் கேளு. வேற வாயத் திறக்காத" என்றார். நானும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம், "உங்க வீட்ல எந்தக் குழந்தையையாவது பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றும் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னே வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "சம்பந்தி, எல்லாப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துட்டோம். எண்ணிப் பாத்துக்கங்க."

நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.