பூராயம் அண்ணையிடம் ஒருவரும் கேட்காத கேள்வி

உலகத்தில் எந்த மனிதரையும் மூன்றே கேள்வியில் அவருடைய பூட்டன் வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தக்கூடியவர் ஒருவர் உண்டென்றால், அவர் பூராயம் அண்ணைதான். எழுபது வயதைத் தாண்டியும் எல்லாருக்கும் அவர் அண்ணை. அடுத்தவர் சங்கதியைத் துருவித் துருவிக் கேட்பதைப் பூராயம் விசாரிப்பது என்போம் யாழ்ப்பாணத்தில். அந்தக் கலைக்கு ஊர் கொடுத்த பட்டம் அது.

பண்டத்தரிப்புக்கு அப்பால் ஐம்பத்துச் சொச்சம் வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊரில் குடிசன மதிப்பீடு எடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். ஒழுங்கை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அவர் முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை எவடம்?”

“மானிப்பாய்.”

“மானிப்பாயிலை எவடம்?”

“ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்.”

“அங்கை ஆற்றை மோள்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்பாவை முடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் தாவினார். அம்மாவோடு கூடப்பிறந்த ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். “கடைசி ஆள் வட்டுக்கோட்டையிலை கலியாணம் முடிச்சவரெல்லோ?” என்று அவரே சொல்லிவிட்டார். விவரம் எடுக்க வந்தவள் நான். அரை மணித்தியாலத்தில் என் விவரம் முழுவதையும் கொடுத்துவிட்டு நின்றேன்.

அன்று காலையிலேயே அந்த ஊரின் கிராம அலுவலரான விதானையார் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். “தங்கச்சி, எல்லா வீட்டையும் சுகமாய் முடிப்பியள். பூராயம் அண்ணையிட்டை மட்டும் பதனம். ஆளை ஏழு வயசிலை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலை இருந்து ஒரு வீட்டு வேலைக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்தவை. ஊர் முழுக்கத் தெரியும். ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இனம் எண்ட கேள்விக்கு அந்தாள் என்னெண்டு மறுமொழி சொல்லப்போகுதோ தெரியாது.”

இதை அறிந்துகொண்டுதான் நான் அவரோடு ஊரைச் சுற்றினேன். கணக்கெடுக்கப் போகிறவள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு நாய். ஒவ்வொரு நாயின் பெயரும் அவருக்குத் தெரியும். பெயரோடு விட்டாலும் பரவாயில்லை. “பயப்பிடாதையும், உது மேற்கு வளவு வீரனின்ரை பேத்தி. குலைக்கும், கடிக்காது” என்று அதற்கும் ஒரு வம்சம் சொல்வார்.

கணக்கெடுக்கத் தந்த டப்பின் திரையில் இனம் என்ற கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல் வரும். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், சிங்களவர், சோனகர், பறங்கியர், மலாயர் என்று நீளும். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உவ்வளவும் என்னத்துக்கு? எங்கடை ஊருக்கு முதலாவது ஒண்டு காணும்.”

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வாயைத் திறக்க முதல் அவரே படலைக்கு வெளியில் நின்று “இலங்கைத் தமிழர், போடும்” என்று கத்திவிடுவார். கந்தையர் வீட்டில் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை ஒன்று முற்றத்தில் நின்றது. தாய் அந்த நாட்டுக்காரி. தலைமயிர் காய்ந்த வைக்கோல் நிறம்.

“மூக்கைப் பாரும்,” என்றார் பூராயம் அண்ணை. “அசல் கந்தையற்றை மூக்கு. இலங்கைத் தமிழர், போடும்.”

“விடுமுறைக்கு வந்தவையை எடுக்கிறேல்லை அண்ணை.”

“அப்ப மூக்கையாவது போடும்.”

அவருடைய ஓட்டத்தை மறித்தவர் ஒருவர்தான். நிலந்தி அக்கா (இது நான் வைத்த பெயர்) குருநாகல் பக்கத்தவர். கொழும்பில் கடையில் நின்ற கணவரோடு கல்யாணமாகி வந்து முப்பது வருடத்துக்கு மேல். இடம்பெயர்ந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்து ஊரோடு திரும்பி வந்தவர். என்னைவிட நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். பூராயம் அண்ணை வழக்கம்போலத் தொடங்கினார்.

“இலங்கைத் த...”

“நில்லுங்கோ அண்ணை. தங்கச்சி, சிங்களவர் எண்டு போடுங்கோ.”

“உனக்கென்ன விசரே? எங்கடை ஊர்க் கணக்கைப் பழுதாக்கிறாய்!”

“சிங்களம் எண்டு போட்டால் நாளைக்கு என்ரை வீட்டு ஒடியல் கூழ் குடிக்க வரமாட்டியளோ?”

“அது வருவன்.”

“பிறகென்ன? போடுங்கோ தங்கச்சி.”

போட்டேன். அடுத்த நாலு வீட்டுக்கும் அண்ணை வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்கு மனிதர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

ஊர் முடிந்தது. அவருடைய வீடு மட்டும் மிச்சம். முதல்நாள் கேட்டபோது தண்ணீர் மோட்டர் பழுது, நாளைக்கு வாரும் என்றார். மறுநாள் காய்ச்சல் என்றார். காய்ச்சல்காரர் சந்தையில் நின்று ஒருவரிடம் பெண் வீட்டாரின் பூர்வீகம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கண்டேன். மூன்றாம் நாள்தான் எனக்குக் கடைசி நாள். சொல்லாமல் போய் இறங்கினேன்.

பெரிய வளவு. அவரைக் கூட்டிவந்த குடும்பம் கனடாவுக்குப் போய்ப் பல வருடம். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கூட்டித் துப்பரவாக வைத்துக்கொண்டு, அவர் மூலையில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்ச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் முடிந்தது. பட்டியல் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலாவதை அழுத்திவிட்டு எழுந்து போகத்தான் நினைத்தேன். விரலும் அங்கேதான் நின்றது. அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிலந்திக்குப் பயமில்லை என்ன?” என்றார்.

“இல்லைப் போலைதான் கிடக்கு.”

“நான் வந்த புதிசிலை பள்ளிக்கூடத்திலை பெடியள் என்னைச் சுத்தி நிண்டு, நீ எவடம், நீ ஆற்றை மோன் எண்டு கேப்பாங்கள். கேட்டுப்போட்டுச் சிரிப்பாங்கள். ஒருநாள் நான் முந்திக்கொண்டு ஒருத்தனைக் கேட்டன். அவன்ரை அப்புவைக் கேட்டன், பூட்டனைக் கேட்டன். அவன் மறுமொழி தேடிக் களைச்சுப்போனான். கேக்கிறவனை ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம் பிள்ளை.”

எனக்கு முதல்நாள் ஒழுங்கை வாசல் நினைவுக்கு வந்தது. நானும் கேட்கவில்லைதான். டப்பை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“அண்ணை, நீங்கள் ஆற்றை மோன்?”

அரசாங்கம் கேட்கச் சொன்ன கேள்வி இல்லை அது. அவர் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.

“அப்பா காத்தமுத்து. அம்மா மாரியாயி. பதுளைக்கு மேலை ஒரு தோட்டம். கடைசி லயத்திலை மூண்டாவது வீடு. ஒரு தங்கச்சி இருந்தவள்.”

“அப்பான்ரை அப்பா?” பழக்கதோஷம். அவரிடமே பிடித்த நோய்.

“தெரியாது பிள்ளை.”

ஊரில் நாய்க்குக்கூடப் பாட்டன் பெயர் சொல்லத் தெரிந்த மனிதர்.

“மலையகத் தமிழர் எண்டதிலை இந்த ஊரிலை எத்தினை பேர்?” என்று கேட்டார்.

“இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“அப்ப போடும். நான் சொல்லாட்டி அம்மாவை ஆர் சொல்லுறது?”

அழுத்தினேன். டப்பில் மாரியாயிக்கு இடமில்லை. என்னுடைய குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். எழுத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கணக்கெடுப்பில் சொன்னதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இதை எழுதலாமா என்று நிலந்தி அக்காவிடம் கேட்டேன், “தாராளமாய் எழுதுங்கோ” என்றார். அண்ணை மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். “என்ரை பேரைப் போடாதையும். பூராயம் எண்டு போடும், அப்பதான் சனத்துக்கு ஆளைத் தெரியும்.”

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். மின்சார மீற்றர் பார்க்க வந்த ஒருவர் அவருக்கு முன்னால் மாட்டுப்பட்டிருந்தார். அந்த மனிதர் கொஞ்சம் துடியாட்டம். பூட்டன் வரைக்கும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, “அதுசரி, ஐயா எவடம்?” என்று திருப்பிக் கேட்டார்.

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“பதுளை,” என்றார் பூராயம் அண்ணை.

“பதுளையிலை எவடம்?”

அவ்வளவுதான். அந்த மனிதருக்கு அன்றைக்கு வேறு மீற்றர் பார்க்கக் கிடைக்கவில்லை. லயம், மூன்றாவது வீடு, குளிர், தங்கச்சி என்று கதை போய்க்கொண்டேயிருந்தது. எனக்கும் கந்தோரில் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

எழும்பும்போது மீற்றர்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். “அக்கா, ஐயா உங்களுக்கு என்ன முறை?”

“மாமா,” என்றேன். “அம்மாவோடை கூடப்பிறந்த ஆம்பிளையள் நாலு பேர்.”

யாருடைய கணக்கில் ஒரு ஆள் பிசகினாலும் பிடித்துத் திருத்துகிற மனிதர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.