மூன்று ராஜாக்கள் கடந்த பாலம்

மூட்டுவலிக்கும் பழைய காருக்கும் வைத்தியம் சொல்லத் தெரியாத ஒரு மனிதரை நான் தாம்பரம் வட்டாரத்தில் இதுவரை பார்த்ததில்லை. கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில்கூட இரண்டுக்கும் மருந்து கிடைக்கும். அப்போது எனக்கு மூட்டு நன்றாக இருந்தது. அதனால் ஊர் மொத்தமும் என் காரைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீடு பம்மலில். கார், எட்டுப் பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி. என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். ஒரு பெருமழையின்போது தெருவே குளமாகி நின்றபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர்களை மேட்டுக்கு ஏற்றிப் போனதும் அதுதான். அதன்மேல் எனக்குப் பாசம். கொஞ்சம் அசட்டுப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஸ்டெல்லா வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்: “அவருக்கு மூத்த சம்சாரம் அதுதான். நான் இளையவ.”

அந்த டிசம்பரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போவதற்கு என் வண்டியைக் கேட்டது. மழையில் அடிப்பக்கம் முழுக்கச் சேறு அப்பிக் காய்ந்துபோயிருந்தது. கீழ்க்கட்டளையில் இருக்கும் ஸ்டெல்லாவின் அண்ணன் அருளப்பன், என் மச்சான், சுத்தம் செய்ய நேரில் வந்துவிட்டார். “மேல கழுவுறது எல்லாரும் செய்வான் மாப்ள. அடியில செய்யணும்” என்று சொல்லிவிட்டு, சுத்தியலும் உளியுமாக வண்டிக்கு அடியில் புகுந்து, காலை முழுவதும் தட்டித் தட்டிச் சேற்றைப் பெயர்த்துப் போட்டார். அன்று வண்டியின் வயிறு புதுப் பாத்திரம் மாதிரி இருந்தது. அதே டிசம்பரில்தான் பங்கின் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில், நான் வீட்டில் பொம்மைகள் வைத்துச் செய்த குடிலுக்கு முதல் பரிசு கிடைத்தது. (எவர்சில்வர் ஹாட்பாக்ஸ். கேட்காவிட்டாலும் சொல்வேன்.)

புது வருடம் பிறந்தது. கூடவே நடுக்கமும் பிறந்தது.

ஐம்பதில் போனால் வண்டி சாது. அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பும். எழுபதில், கிரைண்டர் ஓடும் மேடைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எண்பதில் நான் “ஸ்டெல்லா” என்று கூப்பிட்டால், அது கச்சேரியில் இழுக்கும் இழுப்பாக வெளியே வரும்.

ஒரு மெக்கானிக் இன்ஜின் மவுண்டிங் என்றார், மாற்றினேன். இன்னொருவர் கிளட்ச் என்றார்; மாற்றினேன். கோயிலில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், காணிக்கை எடுக்கும் நேரத்தில் குனிந்து, “டயரப் பாத்தீங்களா?” என்றார், நான்கையும் மாற்றினேன். என் மச்சானிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

“வித்துடு மாப்ள.”

புது டயர் போட்ட அன்று வண்டியை பம்மல் மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். துளி நடுக்கம் இல்லை. வெற்றி என்று வீட்டில் அறிவித்தேன். (பம்மல் மெயின் ரோட்டில் மனிதன் வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை யாரும் அறுபதில் போனதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.)

கோடை வந்தது. ஸ்டெல்லாவின் தங்கை ரெஜினாவுக்குக் கல்யாணம். மண்டபம் பெருங்களத்தூரில். கேக் செய்தது பம்மலில் எங்கள் தெரு அக்கா ஒருவர். மூன்று அடுக்கு, வெள்ளைக் கிரீம், அடுக்குக்கு அடுக்கு சின்னத் தூண்கள், உச்சியில் மாப்பிள்ளை பெண் பொம்மை. ரெஜினா அந்தக் கேக்கின் படத்தை மாதக்கணக்கில் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெம்போ ஒண்ணு சொல்லிடலாம் மாப்ள” என்றார் மச்சான்.

“எதுக்கு மச்சான்? தண்ணி ஊத்தின டம்ளர வெச்சு ஓட்டினாக்கூட நம்ம வண்டியில சிந்தாது.”

கடைசி சீட்டை மடக்கிக் கேக்கை அங்கே வைத்தோம். மச்சான் வெள்ளை சஃபாரி சூட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அணைபோட்டுக்கொண்டார். மண்டபத்தில் ரெஜினா கையில் பிடிக்க வேண்டிய பூச்செண்டு முன்னால் டேஷ்போர்டில். திருநீர்மலைப் பக்கம் பைபாஸில் ஏறியபோது, “பூசை முடிஞ்சிடுச்சு, எங்க இருக்கீங்க?” என்று ஸ்டெல்லாவின் போன். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

“மாப்ள.”

“சொல்லுங்க மச்சான்.”

“நடக்குது.”

“என்ன நடக்குது?”

“கேக்கு நடக்குது.”

கண்ணாடியில் பார்த்தேன். உண்மையாகவே நடந்தது. கிரீம் உதற, தூண்கள் தள்ளாட, மூன்று அடுக்கும் என் மச்சானை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தன. நான் பதறி பிரேக்கைத் தொட்டேன். அதைத் தொட்டிருக்கக் கூடாது. மேலடுக்கு அவர் மடியில் இறங்கியது. நடு அடுக்கு அவர் மார்பில் சாய்ந்தது.

மண்டப வாசலில் வண்டிக் கதவு திறந்தது. பூ தூவக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே, கழுத்திலிருந்து முழங்கால்வரை கிரீமாக என் மச்சான் இறங்கினார். மாப்பிள்ளை பொம்மை அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. போட்டோகிராபர் மணமக்கள்தான் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டார். ரெஜினா என்னைத் திட்டவில்லை. அழுதாள். எனக்கு அந்த இடத்திலேயே வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மிச்சமிருந்த அடியடுக்கை வெட்டி எப்படியோ சமாளித்தார்கள்.

அன்று சாயங்காலம் மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார். “வர்ற சனிக்கிழமை ஆளக் கூட்டிட்டு வரேன். பாத்துட்டு அன்னிக்கே வண்டிய எடுத்துட்டுப் போய்டுவாரு.”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் எனக்காக அண்ணனிடம் வாதாடியவள். தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணா சொல்றது சரிதாங்க” என்றாள். தங்கை அழுத முகம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. கேக் விழுந்ததைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது.

அவமானத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டு நம்மையே யோசிக்க வைக்கும். எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. கேக் நடந்தது. ஆனால் டேஷ்போர்டில் இருந்த பூச்செண்டில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. அப்படியானால் நடுக்கம் முன்பக்கத்திலிருந்து வரவில்லை. மறுநாள் காலிச் சாலையில் எழுபதில் ஓட்டி, கியரை நியூட்ரலில் தள்ளிப் பார்த்தேன். இன்ஜின் ஓய்ந்தும் நடுக்கம் ஓயவில்லை. இன்ஜினும் இல்லை, கிளட்சும் இல்லை. டயர்களோ புத்தம் புதியவை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: முன்னால் இருக்கும் இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய், ஷாஃப்ட். அது ஒருபக்கம் கனத்தோ இளைத்தோ சுற்றினால், வேகம் கூடக் கூட வண்டியையே உதறும்.

இதைச் சோதிக்க ஒரு வழி எங்கோ படித்திருந்தேன். மழைத்தண்ணீர் இறைக்கும் பச்சைக் குழாயை இறுக்கும் பெரிய கிளிப்பைக் கழற்றி ஷாஃப்டின் மேல் மாட்டினேன். அதன் திருகின் கனம்தான் எடைக்கல். மாட்டு, ஓட்டு, கொஞ்சம் திருப்பி மாட்டு, மறுபடி ஓட்டு. உயரமான வண்டி என்பதால் அடியில் நழுவிப் போக இடம் உண்டு. (என் தொப்பை இதை ஒப்புக்கொள்ளவில்லை.) ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தாள்.

“மழை வந்தா தண்ணிய எதால எறைப்பீங்க?”

“மழை வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன்.”

முதலில் நடுக்கம் கூடியது. இன்னும் திருப்பினேன், குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பி பைபாஸில் ஏறினேன். அறுபது. எழுபது. எண்பது. வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தியாகப் போனது. நான் தனியாக உட்கார்ந்து “ஸ்டெல்லா” என்று சொல்லிப் பார்த்தேன். குரல் நேராக வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி அடியில் படுத்தேன். திருகு நின்ற இடத்தைத் துணியால் துடைத்தேன். அங்கே பற்றவைத்த தழும்புகள் இரண்டு இருந்தன. ஒரு தகடு இருந்து பெயர்ந்த இடம். கம்பெனியிலேயே எடை சரிபார்த்து ஒட்டி அனுப்பியது. தீப்பெட்டியைவிடச் சின்னதாக, குழாயின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்த இரும்புத் தகடு.

அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்கவில்லை. டிசம்பரில் மச்சான் பெயர்த்துப் போட்ட சேற்றுக் கட்டிகளைக் கூட்டி அள்ளும்போது என் கையில் கிடைத்தது அது. “ஆகா, என்ன வளைவு” என்று வியந்து, கழுவி, என் குடிலில் ஓடையின் மேல் வைத்துவிட்டேன். மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களோடு அதன் மேல் நடந்துதான் குழந்தை இயேசுவைப் பார்க்கப் போனார்கள். போட்டிக்கு நடுவராக வந்த ஃபாதர், “பாலம் ரொம்ப தத்ரூபமா இருக்கு” என்று சொல்லித்தான் எனக்கு முதல் பரிசு கொடுத்தார்.

பரணில் ஏறிக் குடில் பெட்டியைப் பிரித்தேன். ஆட்டுக்குட்டிகளுக்கும் வைக்கோலுக்கும் அடியில் பாலம் இருந்தது. கொண்டுபோய்த் தழும்பின் மேல் வைத்தேன். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி சரியாக உட்கார்ந்தது. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ரெஜினாவின் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

சனிக்கிழமை மச்சான் ஆளோடு வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கும் முடிச்சூர்க்காரர்.  மச்சானைக் கேக் வைத்த அதே இடத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தேன். (முக்கால் டம்ளர். வெற்றி நிச்சயமானாலும் சாலைப் பள்ளங்களை நம்பக் கூடாது.)

“இது எதுக்கு?”

“புடிங்க மச்சான். தாகம் எடுக்கும்.”

கிளிப்பை அதே இடத்தில் மாட்டியிருந்த வண்டியை பைபாஸில் எண்பதில் பறக்கவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், வெடிகுண்டைப் பிடித்த முகத்தோடு அவர் டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

முடிச்சூர்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “இன்னா சார், வண்டி சூப்பரா கீது. இத்தப் போயி பேஜார் வண்டின்னு சொல்லி இட்டாந்தாரு. இப்பவே எட்த்துக்கவா?”

“விக்கிறதுக்கு இல்லண்ணா” என்றேன். வாழ்க்கையில் நான் இத்தனை சுகமாகச் சொன்ன வாக்கியம் வேறு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் தகட்டை மச்சானின் உள்ளங்கையில் வைத்தேன்.

“என்ன மாப்ள இது?”

“உங்க உளி பெயர்த்துப் போட்டது. ஷாஃப்டு ஒதறாம சுத்தறதுக்கு வெச்ச எடைத் தகடு.”

நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் சேத்தத்தான் தட்டினேன்” என்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. “ஆனா இத வெச்சுப் பரிசு வாங்கினது நீதான மாப்ள?”

பரிகாரமும் நானே செய்தேன். ரெஜினாவையும் மாப்பிள்ளையையும் விருந்துக்குக் கூப்பிட்டு, அதே அக்காவிடம் அதே மூன்றடுக்குக் கேக் செய்யச் சொல்லி, அதே வண்டியில், அதே பைபாஸ் சுற்றி கீழ்க்கட்டளையில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உச்சிப் பொம்மை நின்றபடியே போய்ச் சேர்ந்தது. ரெஜினா சிரித்துக்கொண்டே வெட்டினாள். முதல் துண்டை அண்ணனுக்குக் கொடுத்தாள். அவர் நாப்கினைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாங்கினார்.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஷாஃப்டுக்குப் புதுத் தகடு போட்டுச் சரிசெய்தாகிவிட்டது. பழையது இன்றும் குடிலில் பாலமாகவே இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மச்சான் உள்ளே வந்ததும் பாலத்தைத்தான் முதலில் பார்ப்பார். குழந்தை இயேசுவுக்கு அப்புறம்தான் கும்பிடு. எங்கள் வீட்டில் ரிமோட்டோ சாவியோ மூக்குக்கண்ணாடியோ எது தொலைந்தாலும், “குடில்ல பாத்தியா?” என்பதுதான் முதல் கேள்வி.

போன மாதம் மச்சானுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போய்விட்டு நொண்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தார். “மூட்டுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வக் காணோமாம் மாப்ள. எங்க போச்சுன்னே தெரியல” என்றார் பரிதாபமாக.

நானும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. அவரே முழங்காலைத் தடவிக்கொண்டு, குடில் பெட்டி இருக்கும் பரணை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏறிப் பாருங்கடா” என்றார்.