ஒன்பதாவது நடவில் நூறு கோடி

இந்தியா முழுவதற்கும் இங்கிலீஷ் கற்றுத்தரக் கிளம்பி, நன்னிலம் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஊர் அவரை ‘ஆல் இந்தியா’ என்றே அழைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி; வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருந்த காலம் அது. உரக்கடை மாடியில், ஆறு பெஞ்சில் அவருடைய வகுப்பு. கீழிருந்து வரும் நெடியில் அரை மணிக்குப் பதினான்கு தும்மல், எண்ணியிருக்கிறேன். கணக்கு வாத்தியாரான என்னைத் தன் திட்டத்துக்குக் கணக்குப் போடப் பிடித்துக்கொண்டார்.

“நாற்றங்கால் மாதிரி சார். இங்கே பத்துப் பேரை வளர்க்கிறோம். பறிச்சு, பத்து ஊர்ல நடுறோம். அவங்க ஆளுக்குப் பத்துப் பேரை வளர்க்கணும். எத்தனை நடவுல நாடு முடியும்? போட்டுச் சொல்லுங்க.”

போட்டேன். “ஒன்பதாவது நடவுல நூறு கோடி. நாட்டுல அவ்வளவு பேர் இல்லையே!”

“மிச்சத்தைப் பக்கத்து நாட்டுக்குக் குடுத்துடுவோம்.”

பயிற்சிக்காகப் பத்துப் பேரையும் வரப்பில் நிறுத்தி, நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தில் ஓர் அம்மாள் நிமிர்ந்தார். “வாய் பாட்டுக்குப் பேசட்டும் தம்பி, கை சும்மாதானே இருக்கு? எறங்கி ரெண்டு முடி நாத்து நடு.” ஆல் இந்தியாவோடு பதினொரு பேரும் இறங்கினார்கள். வரிசை கோணியதற்கு வசவு வாங்கியது, கரையில் நின்ற நான்.

ஒருநாள் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. பத்து ஊரிலும் வகுப்பு நடப்பதை அதிகாரி நேரில் பார்த்தால், திட்டத்தை நாடு முழுக்க எடுத்துப்போவார்களாம். மனிதர் பதினொரு வருஷமாகக் காத்திருந்த கடிதம்.

நாற்றுகளோ அதற்குள் நன்றாகத் தேறிவிட்டன. நாலு பேர் சிங்கப்பூர், மூன்று பேர் துபாய், இரண்டு பேர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. மிச்சம் கீழ்வேளூர் ஸ்டெல்லா மட்டும். நர்ஸ். அதிகாரி வருவது திங்கட்கிழமை. அவளுக்குக் குவைத் விமானம் வெள்ளிக்கிழமை.

“பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்க. ஒரு ஊரையாவது காட்டலாம்” என்றேன்.

“வேலை காத்திருக்குமா சார்?”

ஸ்டெல்லா தயங்கினாள். “சார், நான் வேணும்னா திங்கக்கிழமை வரைக்கும்...”

“வேண்டாம்மா. ஏர்போர்ட்ல யாராவது கேட்டா முழு வாக்கியமா பதில் சொல்லு. கெளம்பு.”

அதிகாரி வந்தார். ஆறு காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். இரண்டு முறை தும்மினார். போய்விட்டார்.

நான் கத்தினேன். “பூஜ்யத்தை எத்தனையால பெருக்கினாலும் பூஜ்யம்தான் சார்!”

அவர் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அப்ப மறுபடியும் பத்துப் பேர் வேணும், இல்ல?”

பல்லைக் கடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். செவ்வாய்க்கிழமை காலைக்குள் ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள். பத்தாவதாக நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது தெரிந்ததாக அவர் கடைசிவரை காட்டிக்கொள்ளவே இல்லை.