சாந்தகுமாரி ஸ்வெட்டர் பின்னுவதற்கான காரணம்

லோதி ரோடு,
புது டெல்லி.
24-1-1981

மரியாதைக்குரிய மாமா ஜோதிலிங்கம் அவர்களுக்கும் அத்தை தாயம்மாள் அவர்களுக்கும் மருமகன் கலியமூர்த்தி வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நான், உங்கள் மகள் சாந்தகுமாரி, பேத்தி ராஜலக்ஷ்மி மூவரும் நலம். நலம் என்று எழுதியது உடம்பை மட்டும் உத்தேசித்து. மற்ற விவரங்கள் கீழே வருகின்றன. மன்னார்குடியில் கடை வியாபாரம், அத்தையின் முழங்கால் வலி, அறுவடை எல்லாம் எப்படி என்று விவரமாக எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ‘மளிகைக் கவலை எதுவும் இப்போது எனக்கில்லை, மத்தியான வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சாந்தா எழுதியிருக்கிறாள். கல்யாணமான நாளாக அவள் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. அத்தை அழுகிறாள். மாப்பிள்ளை, அங்கே என்னதான் நடக்கிறது?’ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அத்தையை அழ வேண்டாம் என்று சொல்லவும். அழ வேண்டியவன் வேறொருவன் இருக்கிறான்.

என் வேலை தங்களுக்குத் தெரியும். மற்ற இலாகாக்கள் இவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதி அனுப்பினால், ‘ஏன் இவ்வளவு?’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவது. அவர்களும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மறுபடி அனுப்புவார்கள். இத்தனை வருஷம் இதைச் செய்தவனுக்கு, உலகத்தில் யார் எந்தத் தொகை சொன்னாலும் அதில் கொஞ்சம் காற்று இருக்கிறது, அமுக்கினால் இறங்கும் என்று தோன்றிவிட்டது. டிசம்பர் கடைசியில் சாந்தா என்னிடம், “என்னங்க, சக்கரை விலையும் வெங்காய விலையும் ஏறிப்போச்சு. இனிமே மளிகை காய்கறிக்கு முந்நூறு இல்லாம முடியாது” என்றாள். நான் யோசிக்காமல், “ஏன் இவ்வளவு?” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு தாளை எடுத்து, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று தலைப்புப் போட்டு, தவிர்க்கக்கூடிய செலவு எது, தள்ளிப்போடக்கூடிய செலவு எது என்று விளக்கி, இருநூற்றைம்பதில் ஒரு குடும்பம் கௌரவமாகச் சாப்பிடலாம் என்று நிரூபித்தேன். மளிகைக் கடைக்காரர் மகளுக்கு மளிகைச் செலவு பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன் என்பது, தங்களுக்கு எழுதும் இந்த நேரத்தில்தான் உறைக்கிறது.

அவள் கோபப்படவில்லை மாமா. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உள்ளே போய்ப் பையையும் பர்ஸையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “நீங்களே வாங்கிட்டு வாங்க. என்ன கொண்டு வர்றீங்களோ அதைச் சமைச்சுப் போடறேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்” என்றாள். நானும் அச்சா என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் புளி விலையைக் கேட்டேன். புளி தவிர்க்கக்கூடிய செலவு என்று அங்கேயே முடிவு செய்தேன். காப்பிப் பொடியில் பாதிக்குப் பாதி சிக்கரி கலக்கச் சொன்னேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, “வீட்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?” என்று விசாரித்தார். மறுநாள் காலையில் தார் நிறத்தில் ஒரு திரவம் டம்ளரில் வந்தது. சாந்தா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான் குடித்துவிட்டு, பேஷ் என்றேன். தினமும் ஒரே பொய்யைச் சொல்லிக் குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

பழைய டெல்லியில் மொத்த விலைக்கு வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். போனேன். துவரம்பருப்பு நிஜமாகவே மலிவு. பெரிய காகிதப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸில் ஏற்கெனவே அரை டெல்லி இருந்தது. ஒரு சர்தார்ஜி இறங்கும் அவசரத்தில் என்னை இடிக்க, நான் கம்பியில் இடிக்க, பை கிழிந்து பருப்பு முழுவதும் பஸ்ஸின் தரையில் மழையாகக் கொட்டியது. டெல்லிக்காரர்கள் நல்லவர்கள் மாமா. ‘அரே தால், தால்!’ என்று பஸ்ஸே குனிந்து பொறுக்கிக் கொடுத்தது. ஆனால் அவர்கள் அன்போடு அள்ளிக் கொடுத்ததில் பருப்பு மட்டும் இல்லை. வேர்க்கடலைத் தோல், பீடித் துண்டு, பழைய டிக்கெட், ஒரு கோட்டுப் பொத்தான் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து சாந்தாவிடம் நீட்டினேன். “சமைக்கிறதுதான் என் வேலைன்னு பேச்சு. பொறுக்குறது பேச்சுல இல்லீங்களே” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் புல்வெளியில் பஞ்சாபிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன, நடுவில் சாந்தாவும் அவர்களோடு உட்கார்ந்து பின்ன, எதிரே நான் முறத்தை வைத்துக்கொண்டு பருப்புப் பொறுக்கினேன். ஒரு அம்மாள் என்னைக் காட்டித் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள். அந்த ஆள் அன்று முதல் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

அடுத்தது முள்ளங்கி. இங்கே முள்ளங்கியை மூலி என்பார்கள். குளிர்காலத்தில் முழங்கை நீளம் இருக்கும், மலிவோ மலிவு. சாயங்காலம் தள்ளுவண்டிக்காரன் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் அவனைப் பிடித்தேன். என் ஹிந்தி ஆபீஸ் கோப்பில் எழுதுகிற ஹிந்தி. கிலோ என்ன விலை என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, “பையா, ஸப் கா கித்னா?” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. மொத்த வண்டிக்கும் ஒரு விலை சொன்னான். அந்த விலையைக் கேட்டதும் எனக்கும் மலர்ந்துவிட்டது. விற்றது போக மீதி இருந்த அரை வண்டி முள்ளங்கியைச் சைக்கிளில் இலையும் தழையுமாகக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். சாந்தா வாசலில் நின்று பார்த்தாள். சொன்ன வாக்குப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு முள்ளங்கி சாம்பார், புளி இல்லாமல். முள்ளங்கிப் பொரியல், முள்ளங்கித் துவையல், முள்ளங்கி அடை, கீரைக்குப் பதில் முள்ளங்கி இலை. ஆபீசில் என் பக்கத்து நாற்காலி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. ராஜலக்ஷ்மி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்கு டிபன் பாக்ஸைக் கொண்டுபோக மறுத்தாள். “அப்பா, மேரி சஹேலி, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க. ஆஜ் பி மூலி? இன்னிக்கும் அதேவா?” என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னோடு சீட்டாட வரும் நண்பர்கள் நாலு பேரும் வழக்கம் போல வந்து, வழக்கம் போல, “சிஸ்டர், பஜ்ஜி இல்லையா?” என்றார்கள். பஜ்ஜி வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர்கள் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கினேன். தாங்க முடியாதது ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஆபீஸ் விட்டு வந்தால் சாந்தா என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, தக்காளிக்காரன் எடையில் ஏமாற்றப் பார்த்தது, நல்லெண்ணெய்க் கடைக்காரரை இவள் மடக்கியது, கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கியது என்று நாடகம் மாதிரி நடித்துக் காட்டுவாள். நான் பேப்பர் படிப்பது போல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பையை என்னிடம் கொடுத்த பிறகு அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி இரண்டும் இடிக்கும் சத்தம் மட்டும்தான். வீடே ஊமையாகிவிட்டது மாமா.

அப்போதே சரணடைந்திருப்பேன். ஆனால் அதற்குள் ஆபீஸ் கேன்டீனில் பெருமையடித்து வைத்திருந்தேன். இருநூற்றைம்பதில் வீட்டை நடத்துகிறேன் என்று நான் சொன்னதை எங்கள் செக்ஷன் ஆபீசர் பட்டாபி கேட்டுவிட்டார். போய்த் தன் மனைவி காமாக்ஷி மாமியிடம் சொல்லியிருக்கிறார். “நேர்ல காட்டறேன் வா” என்று போன ஞாயிற்றுக்கிழமை மாமியை அழைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து இறங்கிவிட்டார். மாதம் பாதி ஓடியிருந்தது, பணம் முக்கால் ஓடியிருந்தது. நான் சமையலறைக்குள் போய், “சாந்தா, மானத்தைக் காப்பாத்து” என்றேன். “என்ன வாங்கிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். மூலையைப் பார்த்தேன். மூலையில் அதுதான் இருந்தது.

பட்டாபி சாப்பிட்டுக்கொண்டே வெற்றி வீரர் போல் பேசினார். “பாத்தியா காமு, இருநூத்தம்பதுல எப்படி ஜம்முனு நடக்கறது! நீ ஏன் அவ்வளவு கேக்கறே?” கடைசியில் வெள்ளை வெளேரென்று பாயசம் வந்தது. ரசித்துச் சாப்பிட்டு, “இது என்ன, சேமியாவா?” என்றார். ராஜலக்ஷ்மி, “நஹீ அங்கிள், மூலி” என்றாள். பட்டாபியின் கை டம்ளரோடு நின்றுவிட்டது. மாமி சாந்தாவைப் பார்த்து, “நீ சொல்லும்மா. எப்படி சமாளிக்கறே?” என்று கேட்டாள்.

சாந்தா நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னைக் கவிழ்த்திருக்கலாம். அவள் மிகவும் மரியாதையாக, “எனக்கென்ன மாமி தெரியும்? எல்லாம் இவங்கதான் பாத்துக்கறாங்க. மார்க்கெட்டுக்குப் போறது, மூட்டை தூக்குறது, பருப்புப் பொறுக்குறது எல்லாம் இவங்கதான். நான் வெயில்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னறேன்” என்றாள்.

மாமி மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். “ஏன்னா, இத்தனை நாள் இது எனக்குத் தோணவே இல்லையே! நாளைக்குக் கார்த்தாலயே பையை எடுத்துத் தந்துடறேன்” என்றாள். பட்டாபிக்குப் புரையேறியது. இந்த வாரம் முழுவதும் அவரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பையோடு பலர் பார்த்திருக்கிறார்கள். ஆபீசில் என் கோப்புகள் எல்லாம் ‘ஏன் இவ்வளவு?’ என்ற பென்சில் குறிப்போடு திரும்பி வருகின்றன.

அவர்கள் போனதும் நான் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்து, பையையும் பர்ஸையும் அவள் பக்கத்தில் வைத்து, “நீ சொன்னதே சரி” என்றேன். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். “நீங்க மூணு பேருக்குக் கணக்குப் போட்டீங்க. ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல ஏழு பேருங்க. உங்க சீட்டுக் கச்சேரிக்குக் கடலைமாவும் எண்ணெயும் காப்பியும் எந்தத் தலைப்புல எழுதினீங்க?” என்றாள். மாமா, அந்தத் தாளில் அப்படி ஒரு தலைப்பே இல்லை. நான் அமுக்கப் பார்த்த காற்று முழுவதும் என்னுடையது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து ராஜலக்ஷ்மி, “மூலி கதம்? தீர்ந்துடுச்சா?” என்று கேட்டாள்.

முந்நூறு என்று முடிவாகியிருக்கிறது. சீட்டாட்டம் இனி வாரம் ஒரு நண்பர் வீட்டில். திங்கட்கிழமையே சாந்தா புளி வாங்கி வந்துவிட்டாள். சாயங்காலம் புளிக்காரரோடு நடந்த சண்டையை நடித்துக் காட்டினாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டே கேட்டேன். ஆகவே தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்வெட்டர் எனக்குத்தான், ஒரு கை பாக்கி. இனி என் ஆயுளில் மளிகை விஷயத்தில் தலையிடுவதில்லை, மலிவு என்ற சொல்லை வாயால் உச்சரிப்பதில்லை என்று தங்களுக்கு எழுத்து மூலமாக உறுதி கூறுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். ராஜலக்ஷ்மி தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் நமஸ்தே சொல்லச் சொன்னாள். வணக்கம் என்று வைத்துக்கொள்ளவும். பெரியவர்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு என்றும் வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மருமகன்,
கலியமூர்த்தி

பின் குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் பட்டாபி ஒரு டெம்போவில் வந்தார். ஆஸாத்பூர் மண்டியில் முட்டைக்கோஸ் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கிறதாம். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றார். மேலதிகாரி சொல்லும்போது மறுக்க முடியவில்லை. அப்படி எழுதுவது சரியல்ல. விலையைக் கேட்டதும் நான்தான் முதலில் ஜல்தி இறக்குங்கள் என்றேன். என் பங்கு மாடிப்படி முழுவதும் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் இறங்க வழி கேட்கிறார். சாந்தா ராஜலக்ஷ்மியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருக்கிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். முட்டைக்கோஸில் ஊறுகாய் போட முடியுமா என்று அத்தையைக் கேட்டு உடனே தந்தி கொடுக்கவும். தந்தி ஆபீஸ் விலாசத்துக்கு வரட்டும்.